எடை குறைக்கணுமா? முதலில் எண்ணெய் பாட்டிலை எடை போடுங்கள்

எடை குறைக்க முடிவெடுத்த அன்றே எல்லோரும் சாப்பாட்டில் கை வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முதல் இரண்டு வாரம் எதையும் குறைக்க வேண்டாம், வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள், ஆனால் வாய்க்குள் போகிற ஒவ்வொன்றையும் எழுதி வையுங்கள். எங்கே கூடுதலாகப் போகிறது என்று தெரியாமல் குறைக்கிறவர்கள் பெரும்பாலும் தப்பான இடத்தில்தான் குறைப்பார்கள். ரொம்பப் பிடித்த உணவை விட்டுவிட்டு, உள்ளே போவதே தெரியாத ஒன்றை அப்படியே தொடர்வார்கள், மூன்றாவது வாரம் வெறுத்துப்போய் மொத்தத்தையும் விட்டுவிடுவார்கள். நானும் இரண்டு முறை இதே வழியில் போய், குறைந்த எடை முழுக்கத் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது முறைதான் முதலில் கணக்குப் பார்த்தேன்.

இதற்குத் தேவையான கருவி ஒன்றே ஒன்று, சமையலுக்கான சின்ன டிஜிட்டல் தராசு. அதை வாங்கியதும் முதலில் செய்ய வேண்டிய வேலையைச் சொல்கிறேன். சமைக்கத் தொடங்கும் முன் எண்ணெய் பாட்டிலை மூடியோடு தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். தினமும் எப்படி ஊற்றுவீர்களோ அப்படியே ஊற்றுங்கள், தராசு பார்க்கிறதே என்று கையைச் சுருக்க வேண்டாம். சமையல் முடிந்ததும் பாட்டிலை மறுபடி தராசில் வையுங்கள். 912 கிராம் இருந்தது 872 ஆகியிருந்தால் 40 கிராம் எண்ணெய் போயிருக்கிறது. எண்ணெய் என்பது முழுக்கக் கொழுப்பு, ஒரு கிராமுக்கு 9 கலோரி, ஆக 360 கலோரி. இரண்டு பேர் சாப்பிட்டால் ஆளுக்கு 180. பரிமாறிய தட்டில் அந்த எண்ணெய் கண்ணுக்கே தெரியாது, எல்லாம் உணவுக்குள் ஊறிப் போயிருக்கும். இதை முதன்முதலில் செய்தபோது தராசு பழுதோ என்று நினைத்து மூன்று தடவை பாட்டிலை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தேன்; தராசு சரியாகத்தான் இருந்தது.

மற்ற எண்கள் சுலபம். மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, மதுவில் இருக்கும் ஆல்கஹாலுக்கு 7. பாக்கெட்டின் பின்னால் கிலோ கலோரி என்று அச்சிட்டிருப்பதைத்தான் பேச்சில் கலோரி என்கிறோம். அந்த எண் எவ்வளவு எடைக்கு என்பதைக் கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் முழுப் பாக்கெட்டையும் ஒரே மூச்சில் சாப்பிடுகிறவருக்கு 30 கிராமுக்கான எண் எந்த உதவியும் செய்யாது. இன்னொரு இடத்திலும் பலர் தடுமாறுகிறார்கள்: சமைக்காத அரிசி 100 கிராமில் சுமார் 360 கலோரி, வெந்த சோறு 100 கிராமில் சுமார் 130. தண்ணீர் சேர்ந்ததால் வந்த வித்தியாசம் இது. எதை எடை போட்டீர்களோ அதற்கான எண்ணைத்தான் எழுத வேண்டும். கொட்டைப் பருப்புகள், டீயில் போடும் சர்க்கரை, சமைக்கும்போதே ருசி பார்க்கிற இரண்டு வாய், குழந்தை தட்டில் மீதம் வைத்ததை வீணாக்க மனமில்லாமல் சாப்பிட்டது, எல்லாமே கணக்கில் வர வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் அதுவே சுமார் 130 கலோரி.

“நான் சாப்பிடுவதே கொஞ்சம்தான், எனக்கு எடை குறையவே மாட்டேன் என்கிறது” என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை, உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறார்கள். 1992ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களின் உடல் உண்மையில் எவ்வளவு ஆற்றலைச் செலவழிக்கிறது என்று அளந்து பார்த்தார்கள். அவர்கள் உடலில் குறை எதுவும் இல்லை. சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், செய்த உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். இதற்காக யாரும் வெட்கப்படத் தேவையில்லை. கண்ணால் அளந்தால் யாருக்கும் இப்படித்தான் ஆகும்.

சரி, இரண்டு வாரம் எழுதியாகிவிட்டது. இப்போது உங்கள் உடலுக்கு எவ்வளவு தேவை என்று பார்க்க வேண்டும். 1990ல் வெளிவந்த மிஃப்லின் - செயின்ட் ஜியோர் சூத்திரம் இதற்குப் போதும்: கிலோவில் எடையை 10ஆல் பெருக்குங்கள், செ.மீ. உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டுங்கள், வயதை 5ஆல் பெருக்கிக் கழியுங்கள், பெண் என்றால் இன்னும் 161 கழியுங்கள், ஆண் என்றால் 5 கூட்டுங்கள். 35 வயது, 160 செ.மீ., 72 கிலோ உள்ள ஒரு பெண்ணுக்கு 1384 வரும். இது சும்மா படுத்திருந்தாலே உடல் செலவழிக்கிற அளவு. ஓரளவு நடமாடுகிறவர் என்றால் 1.375ஆல் பெருக்க வேண்டும், சுமார் 1900. ஆனாலும் இது ஒரு மதிப்பீடுதான். இரண்டு வாரமும் உங்கள் எடை ஏறாமல் இறங்காமல் இருந்திருந்தால், நீங்கள் எழுதி வைத்த கணக்கின் சராசரியே சூத்திரத்தைவிட உங்களுக்கு நெருக்கமான எண்.

அதிலிருந்து 300 முதல் 400 வரை குறைத்தால் போதும். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7700 கலோரி இருக்கிறது, ஆகவே தினம் 400 குறைத்தால் வாரத்துக்குச் சுமார் 350 கிராம், மாதத்துக்கு ஒன்றரை கிலோ. மெதுவாகத் தெரிகிறதுதான். ஆனால் தினம் 1000 கலோரியை வெட்டினால் ராத்திரி பத்து மணிக்குச் சமையலறையில் நிற்பீர்கள், தூக்கம் கெடும், தசையும் சேர்ந்து கரையும். பசியோடு சண்டை போட்டு மாதக்கணக்கில் ஜெயித்தவர்களை நான் பார்த்ததில்லை.

இந்த 400ஐ எங்கே எடுப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. உங்கள் நோட்டைத் திறந்து, சாப்பிட்டபோது சந்தோஷமே தராத கலோரிகளுக்கு அடியில் கோடு போடுங்கள். பாத்திரத்தில் கூடுதலாகப் போன எண்ணெய், வேலை பார்த்துக்கொண்டே கொறித்தது, தாகத்துக்குக் குடித்த இனிப்புப் பானம், யாரோ நீட்டியதால் எடுத்துக்கொண்டது. பலருக்கு இதிலேயே 400 வந்துவிடும், பிடித்த உணவில் கை வைக்கவே வேண்டாம். அப்புறம் ஒவ்வொரு வேளையிலும் புரதமும் காய்கறியும் நிறைய இருக்கட்டும். இரண்டுமே வயிறு நிறைந்த உணர்வை நெடுநேரம் தரும். புரதத்தைச் செரிக்கவே உடல் அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதத்தைச் செலவழிக்கிறது.

பாக்கெட் உணவைப் பற்றி ஒரு விஷயம். 2019ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் தொழிற்சாலையில் அதிகம் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் பெரிதாகப் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். முன்னால் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம், வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் தினம் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். மனக்கட்டுப்பாடு இல்லாதவர் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அதை வீட்டில் வாங்கி வைக்காமல் இருப்பது, வாங்கி வைத்துவிட்டுத் தொடாமல் இருப்பதைவிடப் பல மடங்கு சுலபம்.

எடையைத் தினமும் காலையில், கழிப்பறை போய்விட்டு, எதுவும் சாப்பிடும் முன் பாருங்கள், ஆனால் வாரச் சராசரியை மட்டும் நம்புங்கள். முந்தின நாள் உப்பு கூடினாலோ மாதவிடாய் நெருங்கினாலோ ஒன்றிரண்டு கிலோ ஏறும், அது தண்ணீர். முதல் வாரத்தில் வேகமாக இறங்குவதிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். உடலில் சேமித்திருக்கும் மாவுச்சத்து ஒரு கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அது குறையும்போது தண்ணீரும் போய்விடும். இரண்டாவது வாரம் வேகம் குறைந்ததும் பயந்துபோய் இன்னும் குறைத்துச் சாப்பிடாதீர்கள்.

இன்சுலினோ சர்க்கரைக்கான மாத்திரையோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், வளரும் பிள்ளைகள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கவே கூடாது. சாப்பாட்டு விஷயத்தில் முன்பு மனம் கஷ்டப்பட்டவர்களும், எண்களை எழுத எழுதப் பதற்றம் கூடுகிறது என்பவர்களும் நோட்டை மூடிவிடுங்கள், இந்த வழி உங்களுக்கானது இல்லை.

இனி உடற்பயிற்சி. சாப்பிட்டதற்குத் தண்டனையாக அதைச் செய்யாதீர்கள். 70 கிலோ உள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 120 கலோரிதான் செலவாகும், அதைவிட அதிகமாகக் காலையிலேயே எண்ணெயில் போயிருக்கும். கைக்கடிகாரம் காட்டுகிற எண்ணை நம்பி அந்த அளவுக்குச் சாப்பிடவும் வேண்டாம். 2017ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, இருந்ததிலேயே நன்றாகக் கணக்கிட்ட கருவியே கலோரியில் சராசரியாக 27 சதவீதம் தவறியது. அப்படியானால் எதற்குச் செய்வது? குறைந்த எடை திரும்பி வராமல் காக்கிறது, தசையைக் காக்கிறது, தூக்கத்தையும் மனதையும் சரியாக்குகிறது. அமெரிக்காவில் 1994ல் தொடங்கிய தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில் இருப்பவர்கள் குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டாவது அதைத் தக்கவைத்தவர்கள்; அவர்களில் பெரும்பாலோர் தினம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் உடலை அசைக்கிறவர்கள். பிடிக்காத ஒன்றை யாரும் வருடக்கணக்கில் தினம் ஒரு மணி நேரம் செய்ய மாட்டார்கள்.

ஆகவே பிடித்ததைத் தேடுங்கள். நான் ஓட்டத்தில் தொடங்கினேன், நான்கு மாதம் ஒவ்வொரு நாளும் அதைத் தள்ளிப்போடக் காரணம் தேடினேன். பிறகு தெரிந்தவர் ஒருவர் பேட்மிண்டன் விளையாட ஓர் ஆள் குறைகிறது என்று கூப்பிட்டார், போனேன். ஒன்றரை மணி நேரம் போனதே தெரியவில்லை, சட்டை பிழிகிற அளவுக்கு வியர்த்திருந்தது, அடுத்து எப்போது என்று நானே கேட்டேன். அந்தக் கேள்விதான் சரியான அளவுகோல். நடனம், நீச்சல், சைக்கிள், பாட்டுக் கேட்டுக்கொண்டே நடப்பது, எதுவானாலும் இரண்டு வாரம் முயன்று பாருங்கள். முடிந்ததும் அடுத்து எப்போது என்று தோன்றவில்லை என்றால் கூச்சப்படாமல் விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போங்கள். கூட ஓர் ஆள் இருந்தால் இன்னும் நல்லது, சோம்பலான நாளில் அவருக்காகவாவது கிளம்புவோம். உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவு, கூடவே குறைந்தது இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. தசைப் பயிற்சிக்கு ஜிம் வேண்டியதில்லை, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுப்பது, கனமான பையைத் தூக்குவது என்று ஆரம்பிக்கலாம். பல மாதம் அசையாமல் இருந்தவர் பத்து நிமிடத்தில் தொடங்கினால் போதும்.

சில மாதத்தில் எடை இறங்குவது மெதுவாகும், சிலருக்கு ஓரிடத்தில் நின்றே போகும். உடல் கெட்டுவிட்டதாக அர்த்தமில்லை, உடல் சின்னதாகிவிட்டதால் தேவையும் குறைந்துவிட்டது. மேலே சொன்ன பெண் 64 கிலோவுக்கு வந்ததும் அவர் தேவை தினம் 110 கலோரி குறைந்திருக்கும். புது எடையை வைத்துச் சூத்திரத்தை மறுபடி போடுங்கள். அலுப்பாக இருந்தால் அதற்கு முன் ஓரிரு வாரம் எடை ஏறாத அளவுக்கு நன்றாகச் சாப்பிட்டு ஓய்வெடுங்கள்.

அதற்குள் கண்ணும் கையும் அளவைப் பழகியிருக்கும், தினமும் எழுதுவதை நிறுத்திவிடலாம். வாரச் சராசரியை மட்டும் பார்த்துக்கொண்டே இருங்கள். அது இரண்டு கிலோ ஏறினால் தராசை எடுத்து ஒரு வாரம் மறுபடி எழுதுங்கள், எண்ணெய் பாட்டிலில் இருந்தே தொடங்குங்கள், எனக்கு ஒவ்வொரு முறையும் கை தாராளமாகிப் போயிருந்தது அங்கேதான்.