காவலரின் சந்தேக மரணம்: தடயவியல் ஆவணங்களைச் சரிபார்க்கும் முறை

பிரேதப் பரிசோதனை அறிக்கையின் கடைசி வரியை முதலில் படிக்காதீர்கள். 'தூக்கில் தொங்கியதால் மூச்சுத்திணறல்' என்று பார்த்துவிட்டால் மற்ற பக்கமெல்லாம் அதற்கே சாட்சி சொல்வதாகத் தோன்றும். ஒரு தாளில் நேரங்களை மட்டும் வரிசையாக எழுதுங்கள்: கடைசியாக உயிரோடு பார்த்தது, உடலைக் கண்டது, எஃப்ஐஆர், பிரேத விசாரணை (உடலைப் பார்த்து போலீஸ் நடத்தும் முதல் விசாரணை), பிணவறையில் ஒப்படைத்தது, பரிசோதனை தொடங்கியது.

குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 194-ன்படி பிரேத விசாரணை அறிக்கை 24 மணி நேரத்துக்குள் மேலே போக வேண்டும். காரைக்குடி வழக்கென்றால் தேவகோட்டைக் கோட்டாட்சியருக்கு. இறந்தவரே போலீஸ் என்பதால் இன்னொன்றையும் பாருங்கள்: விசாரித்த அதிகாரியும் மகஜர் (சம்பவ இடத்தில் கண்டதையும் கைப்பற்றியதையும் எழுதும் பதிவு) சாட்சிகளும் அதே ஸ்டேஷனைச் சேர்ந்தவர்களா? ஆமென்றால் விசாரணையை சிபிசிஐடிக்கு மாற்றக் கேளுங்கள். மறு பிரேதப் பரிசோதனை வேண்டுமானால் உடலை எரிப்பதற்கு முன்பே கேட்டாக வேண்டும்.

தூக்கில் வெகுநேரம் தொங்கிய உடலில் இரத்தத் தேக்கக் கறை (இறந்தபின் இரத்தம் கீழே இறங்கித் தேங்குவதால் தோலில் தெரியும் நிறம்) கால்களிலும் முன்கைகளிலும் இருக்கும். முதுகில் படிந்து நிலைத்திருந்தால், செத்த பிறகு படுக்கவைத்திருக்கிறார்கள். கயிற்றுத் தடம் குரல்வளைக்கு மேலே, சாய்வாக, முடிச்சுப் பக்கம் விட்டுப்போயிருப்பது தூக்கின் வழக்கம். கீழே, கிடையாக, கழுத்தைச் சுற்றி முழுதாக இருந்தால் நெரித்தார்களா என்று கேட்க வேண்டும். கண்மாயிலோ ஊருணியிலோ கிடந்த உடலென்றால் உயிரோடு மூழ்கினாரா என்று அறிய எலும்பு மஜ்ஜையில் டயாட்டம் என்ற நீர் நுண்பாசியைத் தேடினார்களா, ஒப்பிட அதே நீரை எடுத்தார்களா என்று பாருங்கள்.

துப்பாக்கிச் சாவில் கையில் கிடைத்த வெடிமருந்துத் துகளைப் பெரிதாக நம்ப வேண்டாம். ஆயுதம் கையாளும் காவலரிடம் அது இருப்பதில் ஆச்சரியமில்லை. தோட்டாக் காயத்தைச் சுற்றிய கருகலும் துகள் பதிவும் சொல்லும் தூரமே முக்கியம். அதை ஆயுத வழங்கல் பதிவேட்டோடு சேர்த்துப் படியுங்கள்.

அதிகம் கெட்டுப்போவது உள்ளுறுப்பு மாதிரிகள்தான். இரைப்பையும் அதிலிருந்ததும், சிறுகுடல் 30 செ.மீ., ஈரல் 500 கிராம், இரு சிறுநீரகங்களிலும் பாதி: இவை நிறையுப்புக் கரைசலில், ஜாடியின் மூன்றில் இரண்டு பங்குக்கு மிகாமல் இருக்க வேண்டும். நிரம்ப அடைத்தால் வாயு மூடியைத் தள்ளிக் கசியும். ஃபார்மலினில் போட்டால் நச்சு ஆய்வு பாழ். இரத்தம் தொடைச் சிரையிலிருந்து 10 மி.லி., அதில் சோடியம் ஃபுளோரைடு 100 மி.கி. அது இல்லாமல் சிவகங்கை வெயிலில் கிடந்த இரத்தத்தில் நுண்ணுயிரிகளே ஆல்கஹாலை உண்டாக்கும். குடிக்காதவர் தலையிலும் குடிப்பழி விழும். மாதிரிகளைப் பதப்படுத்தப் பயன்படுத்திய கரைசலின் தனி மாதிரியும் ஆய்வகத்துக்குப் போனதா? அனுப்பிய சீலும் ஆய்வகம் பெற்றதாக எழுதிய சீலும் ஒன்றா? 'நச்சு கண்டறியப்படவில்லை' என்றால் தேடிய நச்சுகளின் பட்டியலைக் கேளுங்கள்.

சிசிடிவி பதிவு தானாக அழியும் முன் சாட்சியச் சட்டமான பிஎஸ்ஏ 63-ன்படி ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு) சான்றிதழ் வாங்குங்கள். காட்சிகளைப் பதியும் கருவியான டிவிஆரின் கடிகாரம் உண்மை நேரத்திலிருந்து எத்தனை நிமிடம் விலகுகிறது என்று மகஜரில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் காட்சி நேரங்களை உங்கள் தாளில் பென்சிலால் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.