பாறைக்குள் வாயு கலப்பதை எம்.ஆர்.ஐ.யில் பார்க்கிறவர்கள் சறுக்கும் இடங்கள்

வேலூரில் எம்.ஆர்.ஐ. என்றாலே ஸ்கேன் கவரோடு நடக்கும் வெளியூர் நோயாளிகள்தான் நினைவுக்கு வருவார்கள். அதே முறையில் கல்லின் உள்ளேயும் பார்க்கலாம். வற்றிவரும் எரிவாயு வயலில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி மிச்ச மீத்தேனை வெளியே தள்ளும் யோசனை ஒன்று உண்டு. வழியில் இரண்டும் அதிகம் கலந்துவிட்டால், வெளியே வருவதைப் பிரித்தெடுக்கவே பணம் போய்விடும். எவ்வளவு கலக்கிறது என்பதை ஆய்வகத்திலேயே பார்த்துவிடத்தான் இந்த முறை. இங்குள்ள கல்லூரிகளில் இதை புராஜெக்டாக எடுக்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் சறுக்கல் கல்லிலேயே. கோட்டைச் சுவரில் இருக்கிற மாதிரியான கருங்கல் வேண்டாம். அதில் துளை நூற்றில் ஒன்றிரண்டு பங்கு இருந்தாலே அதிகம். இருபது பங்கு வரை துளையுள்ள மணற்கல் வேண்டும். கிடைக்காவிட்டால் பாலாற்று மணலைக் குழாயில் இறுக்கி நிரப்பியும் தொடங்கலாம். ஆனால் முதலில் அதற்குள் ஒரு காந்தத்தை விட்டுத் துழாவுங்கள். கருந்துகள்கள் ஒட்டினால் அந்த மணல் சிக்னலைத் தின்றுவிடும். கண்ணாடி மணிகள் உத்தமம்.

அடுத்தது, பலரும் விழுகிற குழி: படத்தின் வெளிச்சத்தை வாயுவின் அளவாக எடுத்துக்கொள்வது. வழக்கமான எம்.ஆர்.ஐ. பார்ப்பது ஹைட்ரஜனை. ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 111 மோல் ஹைட்ரஜன் அணு உண்டு. சாதாரண அழுத்தத்தில் ஒரு லிட்டர் மீத்தேனில் 0.16 மோல்தான், ஏறக்குறைய 700 மடங்கு குறைவு. 100 பார் அழுத்தத்துக்கு, அதாவது சாதாரண அழுத்தத்தைப் போல் சுமார் நூறு மடங்குக்குப் போனால் வித்தியாசம் ஆறு மடங்காகச் சுருங்கும். அதனால் அழுத்தம் இல்லாமல் இந்தச் சோதனையைத் தொடங்காதீர்கள்.

கார்பன் டை ஆக்சைடில் ஹைட்ரஜனே இல்லை, படத்தில் அது கறுப்பு. சரி, கறுப்பெல்லாம் கார்பன் டை ஆக்சைடா? இல்லை. அங்கே துளையே இல்லாமல் இருக்கலாம், இரும்புத் தாது சிக்னலை அணைத்திருக்கலாம். எனவே முதலில் மீத்தேனை மட்டும் நிரப்பி, அதே அழுத்தத்தில் அதே வெப்பநிலையில் ஒரு படம் எடுத்து, பிறகு வரும் படங்களை அதால் புள்ளி புள்ளியாக வகுக்க வேண்டும்.

அதோடும் முடியவில்லை. ரேடியோ அலையால் ஒருமுறை தூண்டிய பிறகு மீத்தேனின் சிக்னல் மீண்டெழ எடுக்கும் நேரம், அழுத்தத்தைப் பொறுத்தும் பக்கத்தில் எந்த வாயு இருக்கிறது என்பதைப் பொறுத்தும் மாறும். ஸ்கேன் வேகமாக ஓடினால் இந்த மாற்றமும் வெளிச்சத்தில் கலந்துவிடும். சிக்னல் பாதியானால் மீத்தேன் பாதி என்று எழுதிவிட முடியாது. விகிதம் தெரிந்த கலவைகளை நிரப்பி ஓர் அளவுகோல் போட்டுக்கொள்ளுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இது இல்லாத கட்டுரையை நான் நம்ப மாட்டேன்.

மூளையைப் படமெடுக்கும் வழக்கமான எதிரொலி முறை (சிதறிப்போன சிக்னலை இன்னொரு தூண்டலால் மறுபடி திரட்டிப் பதிவது) கல்லுக்குள் இருக்கும் வாயுவுக்குச் சரிப்படாது. கல்லும் வாயுவும் காந்தப்புலத்தை வெவ்வேறு மாதிரி வளைப்பதால் சிக்னல் மிகச் சீக்கிரம் மங்கும். போதாததற்கு, சாதாரண அழுத்தத்தில் வாயு மூலக்கூறுகள் தண்ணீரைவிட சுமார் பத்தாயிரம் மடங்கு வேகமாக விரவுகின்றன. எதிரொலி வருவதற்குள் அவை இடம் மாறிவிடும். ஒவ்வொரு தூண்டலுக்கும் ஒரே ஒரு புள்ளியை மட்டும் பதியும் முறைகள் இதற்காகவே இருக்கின்றன. கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்தில் புரூஸ் பால்கம் குழுவினர் 1996-இல் வெளியிட்ட 'ஸ்பிரைட்' அவற்றில் ஒன்று.

எஃகு சிலிண்டரை ஸ்கேன் அறைக்குள் கொண்டுபோகவே கூடாது. 2018-இல் மும்பை மருத்துவமனை ஒன்றில் ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே போனவரைக் கருவி இழுத்து, அவர் உயிரே போனது. சிலிண்டர் வெளியே, குழாய் மட்டும் உள்ளே. அப்புறம் இன்னொரு தொல்லை: குழாய் நீளமானால் இரண்டு வாயுவும் கல்லுக்கு வருமுன்பே கலந்துவிடும். வெளியேறும் வாயுவை மட்டும் அளந்தால் அதுவும் கல்லின் கணக்கில் ஏறும். கல்லின் இரு முனைக்கும் உள்ளே நடப்பதை மட்டும் படத்திலிருந்து எடுத்தால் இந்தப் பிழை விலகும்.

கல்லைப் படுக்க வைத்தும் பரிசோதிக்காதீர்கள். கார்பன் டை ஆக்சைடின் மூலக்கூறு எடை 44, மீத்தேனுக்கு 16. கனமானது அடியில் நாக்கு நீட்டி ஓடும், அந்த ஓட்டத்தையும் கலப்பு என்று கணக்கெழுதி விடுவீர்கள். நோயாளிகளுக்கான கருவியில் குழல் படுக்கையாக இருக்கும், கல்லையும் அப்படித்தான் வைக்க நேரும். செங்குத்தான குழல் உள்ள ஆய்வுக்கருவி கிடைத்தால் கல்லை நிறுத்தி, கார்பன் டை ஆக்சைடைக் கீழிருந்து மெதுவாக ஏற்றுங்கள்.