பில் போட்டாயிற்று, பணம் இன்னும் வரவில்லை: ஃபேக்டரிங் செய்வது எப்படி?

சரக்கு போய்ச் சேர்ந்துவிட்டது, பில்லும் கொடுத்தாயிற்று. வாடிக்கையாளர் பணம் தர 60 நாள் ஆகும். ஆனால் சம்பளமும் வாடகையும் அதுவரை காத்திருக்காது. நல்ல லாபத்தில் ஓடும் சிறுதொழில்கூட இந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டு தவிப்பதுண்டு. வரவேண்டிய பில்லை ஒரு நிதி நிறுவனத்திடம் விற்று, உடனே பணம் பெறுவதுதான் ஃபேக்டரிங்.

படி 1: இடைவெளியை அளந்து பாருங்கள்

சரக்கு கையிருப்பில் கிடக்கும் நாட்களோடு வாடிக்கையாளர் எடுத்துக்கொள்ளும் நாட்களைக் கூட்டுங்கள். உங்களுக்குச் சரக்கு தருபவர் கொடுக்கும் தவணை நாட்களை அதில் கழியுங்கள். 30 + 60 − 20 என்றால் 70 நாள். ஒரு நாளைக்குத் தொழிலுக்கு 5,000 செலவானால், சுமார் 3,50,000 எப்போதும் சுழற்சியில் முடங்கியிருக்கும். இதுதான் உங்களுக்குத் தேவைப்படும் நடைமுறை மூலதனம்.

படி 2: பாக்கிகளை வயதுவாரியாகப் பிரியுங்கள்

30 நாளுக்குள், 60 நாளுக்குள், 90 நாளுக்குள், அதற்கு மேல் என்று நான்கு பத்தி போதும். 90 நாளைத் தாண்டியவற்றையும், தரம் பற்றித் தகராறு உள்ளவற்றையும் பெரும்பாலும் யாரும் வாங்க மாட்டார்கள். ஃபேக்டரிங் நிறுவனம் முக்கியமாகப் பார்ப்பது, பணம் தரவேண்டிய உங்கள் வாடிக்கையாளரின் நாணயத்தை. அதனால்தான் வங்கிக் கடன் கிடைக்காத புதிய தொழிலுக்கும் இந்த வழி திறக்கிறது.

படி 3: உண்மையான செலவைக் கணக்கிடுங்கள்

இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பில் தொகை 1,00,000. நிறுவனம் 80% முன்பணம் தருகிறது, 30 நாளுக்குக் கட்டணம் 3% என்று வைத்துக்கொள்வோம். இன்று கையில் 80,000 வரும். வாடிக்கையாளர் 30-ஆம் நாள் முழுப்பணத்தையும் நிறுவனத்திடம் கட்டியதும், பிடித்துவைத்த 20,000-இல் கட்டணம் 3,000 போக 17,000 உங்களுக்குத் திரும்பும்.

3% என்று கேட்கும்போது சின்னதாகத் தெரியும். ஆனால் நீங்கள் பயன்படுத்தியது 80,000 மட்டுமே, அதற்கு 30 நாளைக்கு 3,000 என்றால் 3.75%. ஆண்டுக்கு ஏறக்குறைய 45%! வாடிக்கையாளர் இன்னும் 30 நாள் தாமதித்தால் கட்டணம் இரட்டிப்பாகும். உங்கள் லாபமே பில்லில் 10% என்றால், அதில் பாதிக்கு மேல் போய்விடும்.

அதனால் முதலில் வாடிக்கையாளரையே கேட்டுப் பாருங்கள்: "10 நாளில் கொடுத்தால் 2% தள்ளுபடி தருகிறேன்." அவர் ஒத்துக்கொண்டால் 98,000 நேராகக் கைக்கு வரும், செலவும் குறைவு. கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

படி 4: ஒப்பந்தத்தைப் படியுங்கள்

வாடிக்கையாளர் பணம் தராவிட்டால் நஷ்டம் யாருக்கு? 'ரிகோர்ஸ்' வகையில் முன்பணத்தை நீங்கள் திருப்பித் தரவேண்டும். 'நான்-ரிகோர்ஸ்' வகையில் அது நிறுவனத்தின் பொறுப்பு, ஆனால் கட்டணம் கூடும். அதிலும் வாடிக்கையாளர் திவாலானால் மட்டுமே பொறுப்பு என்று வரம்பு வைத்திருப்பார்கள். சரக்கில் குறை சொல்லி அவர் பணத்தை நிறுத்தினால், அந்தச் சுமை உங்கள் தலையில்தான்.

மாதம் இவ்வளவு பில் தந்தே ஆகவேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள். பாக்கிகளை ஏற்கெனவே வங்கிக்கு அடமானம் வைத்திருந்தால், வங்கியின் சம்மதமும் வேண்டும்.

படி 5: ஒரே ஒரு பில்லில் தொடங்குங்கள்

இனிமேல் பணத்தை நிறுவனத்தின் கணக்கில் கட்டச் சொல்லி வாடிக்கையாளருக்கு அறிவிப்பு போகும். அதற்கு முன்பே நீங்கள் போன் செய்து சொல்லிவிடுங்கள், தேவையில்லாத சந்தேகம் வராது. அப்புறம், வரும் முன்பணத்தை அடுத்த ஆர்டருக்கான மூலப்பொருளில் போடுங்கள். இயந்திரம் வாங்கினால் மறுபடியும் முடங்கிவிடும்.

பில் முடிந்ததும் கணக்கு அறிக்கை வரும். 17,000 வரவேண்டிய இடத்தில் குறைந்திருந்தால், எந்தக் கட்டணத்துக்காகக் கழித்தார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே இரண்டாவது பில்லைக் கொடுங்கள்.