செவுத்துக்கு யாரு மருந்து வெக்கிறது? உண்ணி விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் காட்பாடியிலிருந்து ஒரு கல்லூரிப் பையன் போன் செய்தான். "அக்கா, மூணு மருந்து மாத்திட்டேன். உண்ணி போகவே மாட்டேங்குது. எல்லாமே டூப்ளிகேட் போல." அவனுடைய லேப்ரடாருக்குக் கழுத்தில் ஒரு பட்டை, முதுகில் சொட்டு மருந்து, போதாததற்கு ஷாம்பு வேறு. அவன் பேசப் பேச எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. 2011 கத்திரி வெயிலில் இதே புலம்பலை நான் ஒரு மருந்துக்கடைக்காரரிடம் பாடியிருக்கிறேன்.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. ஊருக்குப் போகிறவர்களின் நாய்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். வேலூர் வெயிலும் கருங்கல் மதிலும் உண்ணிக்குத் தலைதீபாவளி விருந்து மாதிரி. இங்கே அதற்கு ஓய்வு மாதம் என்று ஒன்று கிடையாது. நாயைக் குளிப்பாட்டு, சீவு, புதரில் விடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

நாய்க்கு மட்டும் மருந்து போடுவது

இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நாய் உண்ணி நாயின் மேல் குடியிருப்பதில்லை. அது குடியிருப்பது நம் வீட்டில். நாய் அதற்குச் சாப்பாட்டு மெஸ். வரும், வயிறு முட்டக் குடிக்கும், இறங்கிப் போய்விடும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு ஆறு கால்தான், கடுகைவிடச் சிறியது. அது நாயின் மேல் ஏறிச் சில நாள் ரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழும். சுவர் இடுக்கில் தோலை உரித்து, எட்டுக் காலோடு மறுபடி ஏறும். மறுபடி குடி, மறுபடி இறக்கம். மூன்றாவது முறை ஏறும் பெண் உண்ணிதான் ஆமணக்குக் கொட்டை மாதிரி சாம்பல் நிறத்தில் உப்பி நிற்பது. (ஆமணக்கின் அறிவியல் பெயரில் வரும் 'ரிசினஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கே உண்ணி என்றுதான் பொருள். பெயர் வைத்தவரும் நாய் வளர்த்திருப்பார் போல.) அதுவும் இறங்கிப்போய், ஏதாவது ஒரு வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டை போட்டுவிட்டுச் செத்துப்போகும். 4,000 வரைகூடப் போகும்.

இறங்கிய உண்ணி தரையோடு நிற்காது. அதற்கு மேலே ஏறும் புத்தி. அதனால்தான் நாய் படுக்கும் மூலையை என்னதான் கழுவினாலும் பிரயோஜனம் இல்லை. கதவு நிலை, ஜன்னல் ஓரம், கரண்ட் பைப்புக்குப் பின்னால், கூரை மூலை, இங்கெல்லாம்தான் பார்க்க வேண்டும். பசியோடு மாதக்கணக்கில் அங்கேயே காத்திருக்கவும் அதற்குத் தெரியும்.

இது ஒன்றும் அன்று எனக்குத் தெரியாது. எங்கள் மணி நாட்டு நாய், கடப்பாக்கல் பாவிய கொட்டகையில் ஒரு கோணிமேல் படுப்பான். பவுடர் போட்டேன், ஊசி போட்டேன், மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டினேன். ஒரு வாரம் சுத்தமாக இருப்பான், பத்தாம் நாள் காதுக்குள் மறுபடி கொத்தாக இருக்கும். கடையை மாற்றினேன், மருந்தை மாற்றினேன். என் மாமியார் குடியாத்தம் பக்கம். பூஜை அறைக் கதவு நிலையில் உண்ணிகள் சாரைசாரையாக ஏறுவதை ஒருநாள் பார்த்துவிட்டு, "நாய்க்கு மருந்து வெச்சிட்ட. செவுத்துக்கு யாரு வெக்கிறது?" என்றார். நான் அதைக் குத்தல் பேச்சாக எடுத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அது குத்தல் இல்லை, வைத்தியம். எனக்கு அது உறைக்க ஏழெட்டு மாதம் ஆயிற்று.

அதற்குள் மணிக்கு மூக்கில் ரத்தம். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் அடிமட்டத்தில். எர்லிக்கியா என்றார்கள், உண்ணி கடித்து வருவது. மாத்திரையில் பிழைத்துக்கொண்டான். பிழைத்து, அதே கொட்டகையில் அதே கோணிமேல்தான் வந்து படுத்தான். ஒருமுறை வந்து சரியாகிவிட்டால் மறுபடி வராது என்பது இந்த நோயில் இல்லை. தை மாதம் இரண்டாவது முறை வந்தபோது அவனால் தாங்க முடியவில்லை. அந்தக் கோணியை நான் ஒருநாள்கூட உதறிப் பார்த்ததில்லை என்பது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

சரி, செய்ய வேண்டியது என்ன? படுக்கைத் துணிகளைக் கொதிநீரில் போட்டு அலசி வெயிலில் காயப்போடுங்கள். கோணியைத் தூக்கி எறியுங்கள். சுவர் வெடிப்பு, நிலைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்து, ஆணி ஓட்டை எல்லாவற்றையும் வெள்ளை சிமெண்ட் வைத்து அடையுங்கள். கருங்கல் மதிலாக இருந்தால் சந்துகளுக்குப் பூச்சு வேலை. அப்புறம் பூச்சி மருந்து. தெரிந்தவரை வைத்து இடுக்குகளுக்குள் அடிக்க வேண்டும், தரையில் அடித்தால் நம் மனத் திருப்திதான். அடித்த இடம் காயும்வரை நாயும் குழந்தைகளும் அந்தப் பக்கம் போகக் கூடாது. வீட்டில் பூனையோ மீன் தொட்டியோ இருந்தால் முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். இந்த மருந்துகள் பல பூனைக்கும் மீனுக்கும் ஆகாது.

ஒருமுறை அடித்தால் போதாது. முட்டைக்குள் இருப்பது மருந்துக்குத் தப்பிவிடும். இரண்டு மூன்று வார இடைவெளியில் திரும்ப அடிக்க வேண்டும், இரண்டு மூன்று மாதம் விடாமல். அந்த நாட்களில் நாயை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். மருத்துவர் சொன்ன மாத்திரையோ சொட்டு மருந்தோ தவறாமல் போட்டு வீட்டிலேயே வையுங்கள். ஏறுகிற உண்ணி எல்லாம் மருந்து போட்ட நாயைக் கடித்துச் சாக வேண்டும். இப்போது வரும் மாத்திரைகள் உண்ணி கடித்த பிறகுதான் அதைக் கொல்லும். மாத்திரை கொடுத்த பிறகும் நாய் மேல் ஒன்றிரண்டு ஊர்வதைப் பார்த்து டூப்ளிகேட் என்று முடிவு கட்டாதீர்கள். வலிப்பு வந்த நாயாக இருந்தால் மட்டும் அதை மருத்துவரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

காட்பாடிப் பையனின் வீட்டுக்குப் போனேன். நாயின் மூலை பளபளவென்று இருந்தது. சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைக் கழற்றச் சொன்னேன். அட்டைக்குப் பின்னால், ஆணியைச் சுற்றி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கும்பல். பையன் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "வாடகை வீடுக்கா" என்றான்.

மாட்டு மருந்தை நாய்க்கு ஊற்றுவது

செவ்வாய்க்கிழமை பொய்கை சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவர் வீட்டில் உண்ணி மருந்து எப்படியும் ஒரு பாட்டில் இருக்கும். "இதையே ரெண்டு மூடி ஊத்துங்க, பறந்துடும்" என்று கொடுத்துவிடுவார்கள், பாசத்தில்தான். அந்த பாட்டிலில் இருப்பது வீரியமான சரக்கு. லிட்டர் தண்ணீருக்கு இத்தனை மில்லி என்ற கணக்கைத் தாண்டினால் நாய் தள்ளாடும், உடம்பு சில்லிடும், நாடித் துடிப்பு குறையும். ஊற்றிய பிறகு நாய் தன்னை நக்கினாலும் ஆபத்து. குட்டிக்கு நினைத்தும் பார்க்காதீர்கள். மூடி என்பது அளவு இல்லை.

பூனைக்கு நாய் மருந்து

பெர்மெத்ரின் உள்ள நாய் மருந்து பூனையைக் கொன்றுவிடும். சும்மா ஒரு சொட்டு என்ற பேச்சே வேண்டாம்.

உண்ணியைக் கழற்ற மண்ணெண்ணெய், கற்பூரம், சிகரெட் நெருப்பு

வேண்டாம். முனை கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள்.

நகத்தில் வைத்து நசுக்குவது

பேன் இல்லை அது. அதன் வயிற்றில் இருப்பது உங்கள் விரல் கீறலுக்குள் போகும். சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போடுங்கள்.

காம்பைப் பிடித்து இழுப்பது

சிரிக்காதீர்கள், உண்ணி என்று நினைத்து வருடத்துக்கு ஒருவராவது செய்கிறார்கள். ஆண் நாய்க்கும் காம்பு உண்டு. இழுப்பதற்கு முன் கால் இருக்கிறதா என்று பாருங்கள்.

எட்டாம் நாள் மாத்திரையை நிறுத்துவது

எர்லிக்கியாவுக்குப் பெரும்பாலும் டாக்சிசைக்ளின்தான், வழக்கமாக நான்கு வாரம். மூன்றாம் நாளே நாய் எழுந்து வாலை ஆட்டும், எட்டாம் நாள் வீட்டில் உள்ளவர்கள் மருத்துவராகிவிடுவார்கள். கிருமி சத்தமில்லாமல் மாதக்கணக்கில், சில நாய்களுக்கு வருடக்கணக்கில்கூட உள்ளேயே கிடக்கும். எலும்பு மஜ்ஜையைத் தொட்ட பிறகு அது தலைகாட்டினால் எந்த மாத்திரைக்கும் அவ்வளவாக மசியாது. வெறும் வயிற்றில் கொடுத்து, நாய் வாந்தி எடுத்து, அதனாலேயே நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். சோற்றோடு கொடுங்கள். சிறுநீர் காபி நிறத்தில் போனால் அது வேறு நோய், பெபீசியாவாக இருக்கலாம். அன்றைக்கே கூட்டிப் போங்கள். காய்ச்சல் என்று நாம் போடும் பாராசிட்டமாலை மட்டும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

உண்ணிக்காய்ச்சல் என்றதும் நாயைத் துரத்துவது

இந்தப் பெயரே வம்பு. மழை பிடித்ததிலிருந்து பனி முடியும்வரை நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் உண்ணிக்காய்ச்சல் என்று சேர்கிறார்களே, அது பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ். அதைப் பரப்புவது நாய் உண்ணி இல்லை. புதரிலும் வரப்போரத்திலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் சிற்றுயிரின் குஞ்சு. எலிதான் அதற்குத் தோது. எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்கு இது வந்தபோது, வீட்டார் வளர்த்த நாயைக் கொண்டுபோய்ப் பாலாற்றங்கரையில் விட்டுவிட்டு வந்தார்கள். அவர் ஆடு மேய்த்துவிட்டு அமிர்திப் பக்கம் புதர் நிழலில் மதியம் படுத்து எழுந்து வந்தவர். நாய்க்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நாய் உண்ணியாலும் மனிதருக்குக் காய்ச்சல் வரலாம், இல்லை என்று சொல்லவில்லை. உடம்பில் சிவப்புத் தடிப்போடு வரும் ஒரு வகை உண்டு. ஆனால் ஸ்க்ரப் டைஃபஸுக்குக் கடிவாயில் கருப்புப் பொருக்கு, சிகரெட் சுட்ட மாதிரி, பலருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் துணி கட்டும் இடம், மார்புக்குக் கீழே என்று நாம் காட்டக் கூச்சப்படும் இடங்களில்தான் இருக்கும். காட்டுங்கள். தட்டணுக்கள் குறைந்தால் டெங்கு என்றே எல்லோரும் நினைக்கிறோம், இதிலும் குறையும். புதர்ப் பக்கம் போன விவரத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நேரத்தோடு பிடித்தால் டாக்சிசைக்ளினிலோ அசித்ரோமைசினிலோ சரியாகிவிடும். முற்றிப்போனவர்களுக்கு இரண்டையும் சேர்த்து நரம்பில் ஏற்றினால் தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்ல பலன் என்று நிரூபித்து 2023இல் வெளியிட்ட ஆய்வுக்குத் தலைமை வகித்ததே நம்ம வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி மருத்துவர்கள்தான்.

முதுகைத் தடவிவிட்டு "ஒண்ணுமில்ல" என்பது

காதுக்குள், கால் விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குளில், வால் அடியில் பாருங்கள். என்னிடம் விட வரும் நாய்களுக்கு நான் வாசலிலேயே இதைச் செய்துவிட்டுத்தான் கேட்டைத் திறப்பேன். போன வாரம் காரில் வந்த ஒருவர் இதற்குக் கோபித்துக்கொண்டு திரும்பிப் போனார். அவர் நாயின் இடது முன்காலில், நடு இரண்டு விரல்களுக்கு நடுவில், மூன்று இருந்தன.