சென்சாரை மாற்றும் முன் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள்

டர்போ வண்டியில் செக் இன்ஜின் லைட் எரிந்து, கோளாறைப் படிக்கும் ஸ்கேனரில் பி0113 என்ற கோளாறு எண் (கோடு) வந்தால் காற்றின் வெப்பத்தைப் பார்க்கும் சென்சாரை உடனே வாங்கி மாட்டிவிடுகிறார்கள். அப்புறமும் லைட் அணையாது. "ஏனுங்க தம்பி, சென்சார் போயிருச்சுன்னாங்க, புதுசும் போட்டாச்சுங்களே" என்று பொள்ளாச்சியில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வண்டி வரும். அந்த கோடு சென்சார் கெட்டது என்று சொல்லவே இல்லை. சிக்னல் வோல்டேஜ் அதிகம் என்கிறது, அவ்வளவுதான். பி0112 என்றால் குறைவு. இன்ஜினை ஆற்றும் தண்ணீரின் வெப்பத்தைப் பார்க்கும் கூலன்ட் சென்சாருக்கு இதே கதை பி0118, பி0117 என்று வரும்.

உள்ளே நடப்பது எளிது. இசிஎம், அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் அனுப்புகிறது. சென்சார் சூடானால் அதன் ஓம்ஸ் குறையும், வோல்டேஜும் இறங்கும். பல சென்சார்களில் 20 டிகிரியில் இரண்டரை கிலோ ஓம் அளவில் இருப்பது, 80 டிகிரியில் 300 ஓம் பக்கம் வந்துவிடும். ஒயர் அறுந்தால் 5 வோல்ட் அப்படியே நிற்கும். ஸ்கேனர் மைனஸ் 40 டிகிரி காட்டும். ஊட்டியில்கூட அந்தக் குளிர் கிடையாது. சிக்னல் ஒயர் எர்த்தில் பட்டால் நேர் எதிர், 130, 150 என்று ஏறி நிற்கும்.

காலையில் வண்டி ஆறிக் கிடக்கும்போது, ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷன் மட்டும் போட்டு ஸ்கேனரில் லைவ் டேட்டா பாருங்கள். கூலன்ட், இன்டேக் காற்று, இன்டர்கூலருக்கு (டர்போ அழுத்திய காற்றை ஆற்றும் ரேடியேட்டர்) பின்னால் உள்ள காற்று எல்லாம் வெளி வெப்பத்தை ஒட்டி, ஒன்றுக்கொன்று சில டிகிரி வித்தியாசத்தில் இருக்க வேண்டும். விலகி நிற்பதுதான் நம் ஆள்.

சரி, இப்போது அதன் கப்ளரை, அதாவது ஒயரைச் சென்சாரோடு சேர்க்கும் பிளக்கை, கழற்றுங்கள். அளவு 150-லிருந்து மைனஸ் 40-க்கு விழுந்தால் ஷார்ட் சென்சாருக்குள்தான். விழாவிட்டால் ஒயரிலோ இசிஎம்மிலோ. முதலிலேயே மைனஸ் 40 இருந்தால், கப்ளரின் சிக்னல், எர்த் இரண்டு பின்னையும் சின்ன ஒயரால் சேர்த்துப் பாருங்கள். மேலே ஏறினால் ஒயரிங் நல்லது. சென்சாரையோ அது பின்னோடு சேரும் இடத்தையோ சந்தேகப்படலாம். ஏறாவிட்டால் சிக்னல் பின்னை பேட்டரி நெகட்டிவோடு சேருங்கள். இப்போது ஏறினால் சென்சாரின் எர்த் ஒயர்தான் அறுந்திருக்கிறது. அப்போதும் அசையாவிட்டால் சிக்னல் ஒயரை இசிஎம் வரை தேட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. பல டர்போ வண்டிகளில் பூஸ்ட் பிரஷரும் (டர்போ தரும் காற்றழுத்தம்) வெப்பமும் ஒரே சென்சாரில், நாலு பின்னோடு இருக்கும். அதில் 5 வோல்ட் சப்ளை பின்னை எர்த்தில் தொட்டுவிட்டால் அதே லைனில் உள்ள மற்ற சென்சார்களும் சேர்ந்து படுத்துவிடும். ஒயரிங் டயக்ராம் கையில் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். இன்னொன்று, கோளாறு பதிவானதும் சில வண்டிகள் தாமாக ஒரு மாற்று அளவைக் காட்டும். அங்கே ஸ்கேனரை நம்பாமல் மல்டிமீட்டரை வையுங்கள்: கப்ளர் கழன்ற நிலையில் சிக்னலுக்கும் எர்த்துக்கும் நடுவே 5 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். மீட்டர் முனையை பின்னுக்குள் திணிக்காதீர்கள். பின் விரிந்துவிட்டால் புதுக் கோளாறு நீங்களே செய்தது. கப்ளரின் முதுகுப் பக்கமாக ஒரு குண்டூசியை ஒயரோடு ஒட்டி நுழைத்து அளக்கலாம்.

எங்கள் பக்கம் ஒயர் போவதற்குக் காரணம் பெரும்பாலும் எலி. தென்னந்தோப்பில் நிற்கும் வண்டியில் ராத்திரி இன்ஜின் சூட்டுக்கு அது ஏறிவிடும். அடுத்தது வாட்டர் வாஷ். கப்ளருக்குள் தண்ணீர் புகுந்து பின்னில் பச்சைக் களிம்பு பிடிக்கும். மூன்றாவது, டர்போ பக்கத்தில் சூட்டில் வெந்து நொறுங்கும் இன்சுலேஷன். இது வெளியே தெரியாது. இன்ஜின் ஓடும்போது ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டே ஒயர் கட்டை இடம் இடமாக ஆட்டுங்கள், ஃபேன் பக்கம் கையைக் கொண்டுபோகாமல். அளவு எங்கே துள்ளுகிறதோ அங்கே டேப்பைப் பிரியுங்கள். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது மழை வரைக்கும்தான் தாங்கும். சால்டர் வைத்து ஹீட் ஸ்லீவ் போடுங்கள்.

வேலை முடிந்ததும் ஸ்கேனரில் அந்தக் கோளாறு எண்ணை அழித்துவிட்டு ஆழியாறு தாண்டி வால்பாறை மலையில் சில கொண்டை ஊசி வளைவு ஏற்றிப் பாருங்கள். ஸ்கேனரைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். ஏற்றத்தில் இன்டர்கூலருக்குப் பின் வெப்பம் மெல்ல ஏறி, இறக்கத்தில் இறங்கினால் சர்க்யூட் சரி. துள்ளாமல் சீராக ஏறிக்கொண்டே போனால் ஒயரை விட்டுவிட்டு இன்டர்கூலர் முன்னால் அடைத்திருக்கும் தேங்காய் நாரையும் தூசியையும் சுத்தம் செய்யுங்கள்.