மூடிய கம்பெனியின் பெயரில் மறுபடி தொழில் தொடங்கும் முன்

கோவையில் கம்பெனி செக்ரட்டரியாக, அதாவது கம்பெனிச் சட்ட வேலைகளைப் பார்த்துக் கொடுப்பவராக, பிராக்டிஸ் செய்கிறேன். பம்ப்செட், வெட் கிரைண்டர், காஸ்டிங் என்று சிறு கம்பெனிக்காரர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். அவர்களில் பலர் கேட்கும் கேள்வி இது: "அப்பா ஆரம்பிச்ச கம்பெனிங்க மேடம். ஸ்ட்ரைக் ஆஃப் ஆயிருச்சு. அதே பேர்ல திரும்ப ஆரம்பிக்கலாமுங்களா?" ஸ்ட்ரைக் ஆஃப் என்றால் கம்பெனிப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கிவிடுவது. கேட்பவர் மகனாக இருப்பார், பழைய டீலராக இருப்பார், சில சமயம் அங்கே பல வருடம் வேலை பார்த்த ஃபோர்மேனாகவும் இருப்பார். அந்தப் பெயர் ஒட்டிய மோட்டார் என்றால் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் இன்றைக்கும் யோசிக்காமல் வாங்குவார்கள் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் வாங்குபவர் இன்னும் நம்புகிற ஒரு பெயரை, கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளாகச் சட்டம் பார்ப்பதில்லை.

ஒரு பெயர் மூன்று இடத்தில் உயிரோடு இருக்கலாம்: கம்பெனிப் பதிவேட்டில், டிரேட்மார்க் பதிவேட்டில், கடன் கொடுத்தவர்களின் கோப்பில். முதல் இடத்தில் போய்விட்டது என்பதை மட்டும் பார்த்துவிட்டு போர்டு எழுதக் கொடுப்பவர்கள்தான் பிறகு மாட்டிக்கொள்கிறார்கள்.

எம்சிஏ (மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்) இணையதளத்தில் அந்தக் கம்பெனியின் மாஸ்டர் டேட்டாவை, அதாவது பதிவு விவரப் பக்கத்தை எடுங்கள். அதில் 'நிலை' என்ற வரிதான் முக்கியம். 'ஸ்ட்ரைக் ஆஃப்' என்று இருந்தால், அரசிதழில் அந்த அறிவிப்பு வந்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு அதே பெயரில் வேறு கம்பெனி பதிய முடியாது. லிக்விடேஷன் (சொத்தை விற்றுக் கணக்கை முடிப்பது) முடிந்து கலைக்கப்பட்ட கம்பெனி என்றால் 2 ஆண்டுகள். மூடப்பட்டது எல்எல்பி (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை) என்றால் 5 ஆண்டுகள். வேறு கம்பெனியோடு இணைக்கப்பட்டது என்று இருந்தால், அந்தப் பெயரின் உரிமை பெரும்பாலும் இணைத்துக்கொண்ட கம்பெனிக்குப் போயிருக்கும். அவர்களிடம்தான் பேச வேண்டும்.

2017-ல் மட்டும் நாடு முழுக்க இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் ஸ்ட்ரைக் ஆஃப் ஆயின. அவற்றின் பெயர்கள் 2037 வரை பூட்டில்தான் இருக்கும்.

லிக்விடேஷனுக்கு 2, ஸ்ட்ரைக் ஆஃபுக்கு 20 என்று ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்பார்கள். லிக்விடேஷனில் சொத்தை விற்று, கடனைப் பைசல் செய்து, கணக்கை முடித்த பிறகே கலைக்கிறார்கள். ஸ்ட்ரைக் ஆஃப் அப்படி இல்லை. பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கம்பெனிச் சட்டம் 252-ஆம் பிரிவின்படி அந்தக் கம்பெனியோ, அதன் பங்குதாரரோ, கடன் கொடுத்தவரோ, தொழிலாளியோ 20 ஆண்டுகளுக்குள் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போய் அதை உயிர்ப்பிக்கலாம். உத்தரவு வந்தால், பெயர் நீக்கப்படவே இல்லை என்பது போலக் கம்பெனி பழைய இடத்தில் வந்து நிற்கும். நீங்கள் அந்தப் பெயரில் நாலு வருடம் வியாபாரம் செய்திருந்தால், அந்த நாலு வருடமும் வேறொருவர் பெயரில் செய்ததாகிவிடும்.

யார் உயிர்ப்பிக்கப் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். மாஸ்டர் டேட்டாவிலேயே சார்ஜ் (கடனுக்காகச் சொத்தின் மேல் பதிந்த பிணை) விவரம் இருக்கும். வங்கிக் கடனுக்கான சார்ஜ் தீர்க்கப்படாமல் திறந்தே இருந்தால், திரும்பி வரக்கூடியவர் அந்த வங்கிதான். அதனால் பெயர் பார்த்ததும் அடுத்து நான் பார்ப்பது சார்ஜைத்தான்.

பெயரைக் கொஞ்சம் மாற்றி வாங்கலாமே என்று அடுத்த யோசனை வரும். பன்மை விகுதி, ஸ்பெல்லிங் மாற்றம், சொற்களை இடம் மாற்றுவது, ஊர்ப் பெயர் சேர்ப்பது, எண் சேர்ப்பது, கடைசியில் டாட் காம் போடுவது, வேறு மொழியில் அப்படியே எழுதுவது, இவை எதையும் வித்தியாசமாகவே விதி எடுத்துக்கொள்ளாது. பழைய பெயரோடு 'கோவை' சேர்த்தாலும் அது பழைய பெயர்தான். கம்பெனிப் பதிவுக்கான ஸ்பைஸ் பிளஸ் படிவத்தில் 1,000 ரூபாய் கட்டி இரண்டு பெயர் கேட்கலாம். கிடைத்தால் 20 நாள் உங்களுக்காக வைத்திருப்பார்கள். தவறான தகவல் கொடுத்துப் பெயர் வாங்கினால், பதிவுக்கு முன் தெரிந்தால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பதிவுக்குப் பின் தெரிந்தால் பெயரை மாற்றச் சொல்வதிலிருந்து கம்பெனியையே நீக்குவது வரை ஆர்ஓசிக்கு (கம்பெனிப் பதிவாளருக்கு) அதிகாரம் உண்டு.

பெயர் கிடைக்கவில்லை என்றதும் பலர் புரொப்ரைட்டர்ஷிப்புக்கு, அதாவது கம்பெனி பதியாமல் தனி ஒருவராக நடத்தும் தொழிலுக்குத் தாவுகிறார்கள். அங்கே தடுக்க ஆள் இல்லை. ஜிஎஸ்டி பதிவில் வியாபாரப் பெயர் என்று எதைப் போட்டாலும் ஏற்கும். சிறு தொழில் பதிவான உத்யம் சான்றிதழும் வரும். அதைக் காட்டி கரண்ட் அக்கவுண்டும் திறந்துவிடலாம். கையில் இந்தத் தாள்கள் வந்ததும் பெயர் நம்முடையது என்ற தைரியம் வந்துவிடுகிறது. இந்தத் தைரியத்தைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. அந்தத் தாள்களில் ஒன்றுகூட உங்களுக்குப் பெயர் மீது உரிமை தருவதில்லை. பழைய லெட்டர்பேடில் இருந்தபடியே 'பிரைவேட் லிமிடெட்' என்றும் பில்லில் போட்டுவிட்டால் கம்பெனிச் சட்டம் 453-ஆம் பிரிவு வரும்: கம்பெனியாக இல்லாமல் அந்தச் சொல்லைப் பயன்படுத்திய ஒவ்வொரு நாளுக்கும் 500 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம்.

அடுத்தது டிரேட்மார்க். பதிவு 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். கம்பெனி கலைந்ததால் பதிவு தானாக விழாது. டிரேட்மார்க் பதிவேடு இருக்கும் ஐபி இந்தியா தளத்தில், பொருளின் வகைக்கான வகுப்பு எண் போட்டுத் தேடுங்கள். பம்ப், கிரைண்டர் எல்லாம் 7-ஆம் வகுப்பு. பெயரை மட்டும் தேடாமல், ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களையும் தேடுங்கள். புதுப்பிக்காமல் நீக்கப்பட்டிருந்தாலும் உடனே இடம் காலி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீக்கிய பிறகும் ஓராண்டுக்கு அது பதிவில் இருப்பதாகவே பெரும்பாலும் கருதுவார்கள். பதிவாகி 5 ஆண்டுக்கு மேல் யாரும் பயன்படுத்தவில்லை என்று நிரூபித்து, டிரேட்மார்க் சட்டம் 47-ஆம் பிரிவில் நீக்கக் கேட்கலாம். பதிவே இல்லாத பெயருக்கும் 'பாஸிங் ஆஃப்', அதாவது தன் சரக்கைப் பிறர் சரக்கு போலக் காட்டி விற்கிறார் என்ற வழக்கு உண்டு. உதிரி பாகம் இன்னும் அந்தப் பெயரில் கடைகளில் விற்கிறது, மெக்கானிக்குகள் இன்னும் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள் என்றால் அதன் நல்லெண்ண மதிப்பு இன்னும் இருக்கிறது என்று வாதாட இடம் இருக்கிறது.

இங்கே ஒரு பத்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே மாதிரி திரும்பத் திரும்ப வருகிறது. ஒருவர் 100 ரூபாய் முத்திரைத் தாளில் எழுதிய உரிமை மாற்றப் பத்திரத்தோடு வந்தார். பழைய கம்பெனியின் டைரக்டர், கம்பெனி சார்பாகக் கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பும் குத்தி, டிரேட்மார்க்கை அவருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். வாசகம் சுத்தமாக இருந்தது. தேதியைப் பார்த்தேன். ஸ்ட்ரைக் ஆஃப் அறிவிப்பான எஸ்டிகே-7 வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கம்பெனியே இல்லாத நாளில் அதன் சார்பாகக் கையெழுத்துப் போட யாருக்கும் அதிகாரம் இல்லை. கொடுத்த பணத்துக்கு அவர் கையில் இருந்தது வெறும் தாள். பெயர் வாங்குவதானால் கம்பெனி உயிரோடு இருக்கும்போதே வாங்க வேண்டும். லிக்விடேஷனில் இருந்தால் லிக்விடேட்டரிடம் வாங்க வேண்டும். பிறகு டிஎம்-பி படிவம் போட்டுப் பதிவேட்டில் உங்கள் பெயரை ஏற்ற வேண்டும்.

கடன் பற்றி. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டால் பழைய கம்பெனியின் கடன் உங்கள் தலையில் ஏறாது. ஆனால் நம் ஊரில் யாரும் பெயரை மட்டும் எடுப்பதில்லை. அதே ஷெட், அதே லேத், அதே ஆட்கள், அதே டீலர் லிஸ்ட், அதே போன் நம்பர். அப்போது அது தொழில் கை மாறியதாகத் தோன்றும். ஜிஎஸ்டி சட்டம் 85-ஆம் பிரிவில், கைமாற்றத்துக்கு முந்தைய வரிப் பாக்கிக்கு வாங்கியவரும் விற்றவரோடு கூட்டாகப் பொறுப்பு. பிஎஃப் பாக்கிக்கும் அப்படித்தான், பெற்றுக்கொண்ட சொத்தின் மதிப்பு அளவுக்கு. பெயரும் ஒன்றாக இருந்தால் இது புதுத் தொழில் என்று அதிகாரியிடம் நிரூபிப்பது கடினம். அப்பா தானாக முன்வந்து மூடியிருந்தால் எஸ்டிகே-3 என்ற ஈட்டுறுதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்: பின்னால் பாக்கி ஏதும் வந்தால் டைரக்டர்கள் கட்டுகிறோம் என்று. அந்தப் பிரதியைத் தேடி எடுத்துப் படியுங்கள்.

லண்டனில் கடை வைத்திருக்கும் உறவினர் யாராவது இதைப் படித்தால், அங்கே சட்டம் இன்னும் கடுமை. கடன் தீராமல் லிக்விடேஷனுக்குப் போன கம்பெனியில் கடைசி 12 மாதத்துக்குள் டைரக்டராக இருந்தவர், சில விதிவிலக்குகள் தவிர, நீதிமன்ற அனுமதி இல்லாமல் 5 ஆண்டுகளுக்கு அதே பெயரிலோ ஒத்த பெயரிலோ தொழில் நடத்தினால், 1986 இன்சால்வன்சி சட்டம் 216-ஆம் பிரிவின்படி அது குற்றம். புதுக் கம்பெனியின் கடனுக்கும் சொந்தப் பணத்தில் பொறுப்பு. இந்தியாவில் இப்படி ஒரு தனிப் பிரிவு இல்லை. கடன் கொடுத்தவரை ஏமாற்றவே பெயர் மாற்றி நடத்தியதாகத் தெரிந்தால் மோசடிப் பிரிவுகள் இருக்கின்றன.

சரி, என்ன செய்வது? குடும்பக் கம்பெனி என்றால் என் முதல் யோசனை புதுக் கம்பெனி வேண்டாம், பழையதையே மீட்டெடுங்கள் என்பதுதான். பங்குதாரர் ஒருவர் 252-ஆம் பிரிவில் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மனுப் போடலாம். பெயர் நீக்கப்பட்டபோது கம்பெனி செயல்பாட்டில் இருந்தது என்றோ, மீட்பது நியாயம் என்றோ காட்ட வேண்டும்: கரண்ட் பில், வரி ரிட்டர்ன், நிலப் பட்டா எல்லாம் உதவும். செலவு உண்டு. ஆண்டுக் கணக்குப் படிவத்துக்கும் ஆண்டு ரிட்டர்னுக்கும் தாமதக் கட்டணம் நாளுக்கு 100 ரூபாய். ஒரு வருடத் தாமதம் என்றால் ஒரு படிவத்துக்கே 36,500. பெயருக்குச் சந்தையில் மதிப்பு இருந்தால் இந்தச் செலவு செய்யத் தகுந்தது. மதிப்பு இல்லை என்றால் வேறு பெயர் வைத்து, தனிநபரோ சிறு நிறுவனமோ ஆனால் வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டி டிரேட்மார்க்குக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

எந்த வழியில் போனாலும் பழைய அட்டைப்பெட்டி, பெயர்ப்பலகை டை, பில் புத்தகம் எதையும் பயன்படுத்த வேண்டாம். அவற்றில் பழைய ஜிஎஸ்டி எண் இருக்கும்; பம்ப் பெட்டி என்றால் ஐஎஸ்ஐ முத்திரையும் அதன் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த உரிமம் பழைய கம்பெனிக்குக் கொடுத்தது. உங்கள் பம்புக்கு உங்கள் பெயரில் பிஐஎஸ்ஸிடம் (இந்தியத் தர நிர்ணய அமைப்பிடம்) தனியாக வாங்க வேண்டும், கிடைக்கும்வரை அந்த முத்திரை போட்ட பெட்டியில் சரக்கு போகக் கூடாது.