மொட்டைமாடித் தொட்டி முதல் வாசல் சேம்பர் வரை: வீட்டுக் குழாய்களை நீங்களே பராமரிக்கும் முறை

கசியும் குழாயில் வாஷர் மாற்ற ஐந்து நிமிடம் போதும். அதே கசிவு சுவருக்குள் என்றால் டைல்ஸை உடைக்க வேண்டும், பைப்பை மாற்ற வேண்டும், பூச வேண்டும், மறுபடி டைல்ஸ் ஒட்ட வேண்டும். பழைய டிசைன் கடையில் கிடைக்காமல் போனால் சுவர் முழுவதற்கும் புதிது வாங்க நேரும். பிளம்பிங்கில் காசைக் கரைப்பது பைப்போ வாஷரோ அல்ல, இந்த உடைப்பும் பூச்சும்தான். அந்த நிலைக்குப் போகுமுன் கோளாறைப் பிடிக்கத்தான் இந்தச் செய்முறை. தண்ணீர் போகும் வழியிலேயே மாடியிலிருந்து இறங்கி வருவோம். மூன்று மாதத்துக்கு ஒரு காலைப்பொழுதும், இடையில் வாரம், மாதம் என்று சில சின்ன வேலைகளும் போதும்.

கையில் இருக்க வேண்டியவை: 10 இஞ்ச் அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், டெஃப்லான் டேப், ரப்பர் பிளஞ்சர், அரை இஞ்ச் குழாய் வாஷர் நாலைந்து, பழைய டூத்பிரஷ், பக்கெட், ரப்பர் கையுறை, ஒரு புட்டி சொட்டு நீலம்.

படி 1: எந்த வால்வு எதற்கு?

தொட்டியிலிருந்து சமையலறைக்கு, குளியலறைக்கு, கழிவறைக்கு எனத் தனித்தனி லைன் இறங்கும். ஒவ்வொரு வால்வாக மூடிப் பார்த்து, கீழே எந்தக் குழாய் நிற்கிறது என்பதை வால்வுக்குப் பக்கத்திலேயே பெயிண்டில் எழுதிவிடுங்கள். பைப் வெடித்துத் தண்ணீர் கொட்டும்போது தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா வால்வையும் முழுக்க மூடித் திறக்க வேண்டும். போர் தண்ணீரின் உப்பு படிந்து, அசைக்காத வால்வு அப்படியே இறுகிவிடும். அவசரத்தில் பலம் போட்டுத் திருகினால் தண்டு முறியும். கேட் வால்வு (உள்ளே தகடு ஏறி இறங்கும், பல சுற்றுத் திருகும் வகை) நிற்காமல் சும்மா சுற்றினால் உள்ளே தகடு கழன்றுவிட்டது என்று அர்த்தம். அங்கே கால் சுற்றில் மூடும் வகையைப் போடுங்கள். வாஷ்பேசின், ஃப்ளஷ் டேங்க் அடியிலுள்ள ஆங்கிள் காக் எனும் சின்ன வால்வுகளுக்கும் இதே பயிற்சி தேவை.

மாடியில் வெயில் படும் பிளாஸ்டிக் பைப்புகள் சில வருடங்களில் மொறுமொறுப்பாகிவிடும். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வெள்ளை பெயிண்ட் இரண்டு கோட் அடித்தால் ஆயுள் நீளும். ஆயில் பெயிண்ட், தின்னர் கலந்த பெயிண்ட் வேண்டாம். தின்னர் பிளாஸ்டிக்கையே பாதிக்கும்.

படி 2: ராத்திரிக் கசிவுச் சோதனை

சுவருக்குள் இருக்கும் கசிவைக் காட்டிக்கொடுப்பது தொட்டியின் தண்ணீர் மட்டம். இரவு எல்லோரும் தூங்கப் போகும்போது மோட்டாரை நிறுத்தி, தொட்டிக்குத் தண்ணீர் வரும் லைனையும் மூடுங்கள். வீட்டின் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, நேரான குச்சி ஒன்றைத் தொட்டியின் அடிவரை விட்டு, நனைந்த இடத்தில் கோடு போடுங்கள். விடியும்வரை யாரும் தண்ணீர் எடுக்கக் கூடாது. காலையில் மறுபடி அளந்து பாருங்கள். உள்விட்டம் 1 மீட்டர் உள்ள வட்டத் தொட்டியில் மட்டம் 1 செ.மீ. இறங்கினால் கிட்டத்தட்ட 8 லிட்டர் போயிருக்கிறது.

இறங்கியிருந்தால் மறுநாள் இரவு மாடி வால்வுகள் எல்லாவற்றையும் மூடிவிட்டு அளக்க வேண்டும். அப்போதும் இறங்கினால் கோளாறு தொட்டியிலோ அதன் இணைப்பிலோதான். இறங்கவில்லை என்றால் ஓர் இரவுக்கு ஒரு லைனை மட்டும் திறந்து வைத்துச் சோதியுங்கள். எந்த லைன் என்று தெரிந்த பிறகு பிளம்பரைக் கூப்பிட்டால் அவர் ஒரே இடத்தில் உடைப்பார். தெரியாமல் கூப்பிட்டால் மூன்று இடத்தில் உடைக்க நேரலாம்.

கழிவறை லைன் என்று தெரிந்தால் சுவரைச் சந்தேகிக்கும் முன் ஃப்ளஷ் டேங்கைப் பாருங்கள். மூடியைத் திறந்து பத்துச் சொட்டு நீலம் விட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். கோப்பைக்குள் நீலம் தெரிந்தால் அடியிலுள்ள ரப்பர் சீல் கசிகிறது. கழற்றி உப்பைத் துடைத்து மாட்டுங்கள், நிற்காவிட்டால் சீலை மாற்றுங்கள். டேங்கில் தண்ணீர் மட்டம் ஓவர்ஃப்ளோ குழலின் வாய்க்கு 1 இஞ்ச் கீழேயே நிற்கும்படி மிதவையையும் சரிசெய்துவிடுங்கள். குழல் வழியாக வழிவது சத்தமே இல்லாமல் நடக்கும்.

படி 3: சொட்டும் குழாய்

அடியில் ஒரு டம்ளர் வையுங்கள். பத்து நிமிடத்தில் 100 மி.லி. சேர்ந்தால் ஒரு நாளைக்கு 14 லிட்டருக்கு மேல் வீணாகிறது. வாயிலிருந்து சொட்டினால், பல சுற்றுத் திருகும் பழைய வகைக்கு வாஷரும், கால் சுற்று வகைக்கு உள்ளேயுள்ள ஸ்பிண்டிலும் (கைப்பிடியோடு சேர்ந்து சுற்றும் தண்டு) மாற்ற வேண்டும். பழைய ஸ்பிண்டிலைக் கழற்றிக் கடைக்கே எடுத்துப்போங்கள். பல் எண்ணிக்கை கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

சுவரோடு சேரும் இடத்தில் கசிந்தால் லைனை மூடிவிட்டுக் குழாயைக் கழற்றி, மரையைப் பிரஷால் சுத்தம் செய்து, டெஃப்லான் டேப் சுற்றுங்கள். மரை உங்களைப் பார்த்திருக்க, கடிகாரமுள் சுற்றும் திசையில் எட்டு முதல் பத்துச் சுற்று, இழுத்துப் பிடித்து. எதிர்த் திசையில் சுற்றினால் முடுக்கும்போதே டேப் பிரிந்து வந்துவிடும். கையால் இறுகும்வரை திருகி, பிறகு ஸ்பேனரால் ஒரு சுற்றுக்குள் நேராக நிறுத்துங்கள். கொஞ்சம் கூடப் போய்விட்டது என்று பின்னால் திருப்பினால் கசியும். கழற்றிப் புது டேப் சுற்றுவதே சரி. அளவுக்கு மீறி முடுக்கினால் சுவருக்குள்ளிருக்கும் எல்போ (பைப்பை வளைக்கும் இணைப்பு) விரிசல் விடும். அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது, சில மாதம் கழித்துப் பின்பக்கச் சுவரில் ஈரமாகத் தெரியும்.

படி 4: சமையலறை சிங்க்

அடைப்பு அதிகம் வரும் இடம் இதுதான். சூடான எண்ணெய் தண்ணீர் மாதிரி ஓடி, பைப்புக்குள் ஆறியதும் பசையாக ஒட்டும். அதன்மேல் இட்லி மாவு, புளிச் சக்கை, காபித்தூள், பருக்கை என ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்ளும். பைப்பின் வாய் சுருங்குவது வெளியே தெரியாது. தண்ணீர் மெதுவாக இறங்கத் தொடங்கும்போதே பாதி அடைத்திருக்கும்.

எண்ணெய்ச் சட்டியைக் கழுவும் முன் பழைய பேப்பரால் துடைத்துவிடுங்கள். சோறு வடித்த கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க சிங்கில் ஊற்றாதீர்கள். பிவிசி பைப் 60 டிகிரிக்கு மேல் தளர ஆரம்பிக்கும். தினமும் கொதிநீர் பட்டால் நடுவில் தொய்ந்து, தொய்ந்த இடத்தில் கசடு தங்கும். வாரம் ஒருமுறை சிங்க் வாயை அடைத்து, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் நிரப்பி, கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, அடைப்பைச் சட்டென்று எடுங்கள். முழு சிங்க் தண்ணீரும் ஒரே வேகத்தில் இறங்கும்போது பைப் கழுவப்படும்.

மாதம் ஒருமுறை பாட்டில் டிராப்பை, அதாவது சிங்குக்கு அடியில் கசடு தங்கும் கிண்ணத்தோடு இருக்கும் இணைப்பை, திறக்க வேண்டும். அடியில் பக்கெட் வைத்து, கீழ்க் கிண்ணத்தைக் கையாலேயே திருகிக் கழற்றுங்கள். கசடைக் கொட்டி, பிரஷால் தேய்த்து, ரப்பர் வளையம் மடங்காமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள். ஸ்பேனர் வேண்டாம். தண்ணீர் விட்டு, காய்ந்த டிஷ்யூவால் இணைப்பைச் சுற்றித் துடைத்தால் ஒரு சொட்டுக் கசிவும் தெரிந்துவிடும். சிங்குக்கு அடியில் சுருள் சுருளாக மடியும் வேஸ்ட் பைப் இருந்தால் மாற்றிவிடுவது நல்லது. ஒவ்வொரு மடிப்பிலும் கொழுப்பு தங்கும்.

அடைத்தேவிட்டால் பிளஞ்சரின் வாய் மூழ்கும் அளவு தண்ணீர் நிற்க வேண்டும். சிங்கில் ஓவர்ஃப்ளோ ஓட்டையோ இரண்டாவது தொட்டியோ இருந்தால் ஈரத்துணியால் இறுக அடையுங்கள், இல்லையென்றால் அழுத்தம் அந்த வழியாகப் போய்விடும். 15, 20 தடவை அழுத்தி இழுத்து, கடைசியில் வெடுக்கென்று தூக்குங்கள். அசையாவிட்டால் டிராப்பைக் கழற்றி, பைப்புக்குள் ஸ்பிரிங் கம்பி விடுங்கள்.

சமையல் சோடாவும் வினிகரும் சேர்த்து ஊற்றச் சொல்லும் வீடியோக்கள் நிறைய. இரண்டும் ஒன்றையொன்று முறித்து, மிஞ்சுவது பெரும்பாலும் உப்புக் கரைசல்தான். கெட்டிக் கொழுப்பு அசையாது. ஆசிட் ஊற்றவே ஊற்றாதீர்கள். அது சிமென்ட் இணைப்பையும் உலோகத்தையும் அரிக்கும். பிளீச்சிங் பவுடரோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. அடைப்பு நீக்கும் பவுடர் போட்ட பைப்பில் பிளஞ்சர் போடாதீர்கள்; தெறிக்கும் தண்ணீர் கண்ணைக் கெடுக்கும்.

படி 5: குளியலறையும் கழிவறையும்

தரை ஜாலியைத் தூக்கி, முடியை வாரம்தோறும் எடுங்கள். ஜாலிக்கு அடியிலுள்ள நானி டிராப்புக்குள் (தரைத் தண்ணீர் இறங்கும் குழி) கவிழ்ந்திருக்கும் கிண்ணம்தான் தண்ணீர் வேகத்தைக் குறைக்கிறது என்று சிலர் எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். நாற்றத்தையும் கரப்பானையும் தடுப்பது அந்தக் கிண்ணமும் அதைச் சுற்றி நிற்கும் 5 செ.மீ. தண்ணீரும். புழங்காத குளியலறையில் அந்தத் தண்ணீர் வற்றிவிடும், வாரம் ஒருமுறை இரண்டு சொம்பு ஊற்றுங்கள். நாப்கின், ஈரத் துடைப்புத் தாள் எதையும் கழிவறைக் கோப்பையில் போடக் கூடாது, அவை கரைவதில்லை.

படி 6: வெளியே சேம்பர்

வீட்டுக் கழிவுநீர்ப் பைப்புகள் வந்து சேரும், மூடி போட்ட குழிதான் சேம்பர். மூடிகளைத் திறந்து மணலையும் கொழுப்புக் கட்டியையும் அள்ளுங்கள். இணைப்பு வழியாக வேர் நுழைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 4 இஞ்ச் பைப்புக்கு 10 அடி நீளத்தில் 3 இஞ்ச் சரிவு வேண்டும். சேம்பரில் எப்போதும் தண்ணீர் தேங்கினால் சரிவு குறைவு, அல்லது மண் உள்வாங்கியிருக்கிறது. மாடி மழைநீரைக் கழிவுநீர் சேம்பரில் இணைத்திருந்தால் ஐப்பசிக்கு முன்னால் பிரித்துவிடுங்கள். அடைமழையில் அதுதான் வீட்டுக்குள் எதிர்த்து வரும்.

வீட்டில் தண்ணீர் இறங்காதபோது முதலில் திறக்க வேண்டியது வீட்டை ஒட்டிய சேம்பரை. அது காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுக்கும் அதற்கும் நடுவில். நிரம்பியிருந்தால் அடுத்தடுத்த சேம்பரைத் திறந்துகொண்டே போங்கள். நிரம்பியதற்கும் காலியானதற்கும் இடையில்தான் கம்பி விட வேண்டும். கடைசிச் சேம்பரும் நிரம்பியிருந்தால் கோளாறு தெருப் பக்கம். பிளம்பருக்குக் காசு கொடுக்காமல் மாநகராட்சியிலோ குடிநீர் வாரியத்திலோ புகார் பதியுங்கள்.

செப்டிக் டேங்க் உள்ள வீடுகளில் இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்ச வேண்டும். எந்த நிலையிலும் ஓர் ஆளை உள்ளே இறக்காதீர்கள். தொட்டிக்குள் சேரும் விஷவாயு ஓரிரு மூச்சில் ஆளை வீழ்த்திவிடும், காப்பாற்ற இறங்குபவரும் பிழைப்பதில்லை. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. மூடியைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள், பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. வேலை முடிந்ததும் சந்து இல்லாமல் மூடியாயிற்றா என்று நீங்களே பார்த்துவிட்டு லாரியை அனுப்புங்கள்.